பவளத்தை நடலாம், சரி. நட்டதை யார் பார்த்துக்கொள்வது?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில், கரையை ஒட்டினாற்போல 21 தீவுகள் வரிசையாக இருந்தன. இன்றைக்கு எண்ணினால் 19தான் தேறும். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. கடல்மட்டம் உயர்வதற்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் பெரிய பங்கு நம்முடையது. தீவுக்கு முன்னால் நின்று அலையின் வேகத்தை உடைத்துக்கொண்டிருந்த பவளப்பாறையைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் கட்டடத்துக்கும் விற்றோம். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடலிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60,000 கன மீட்டர் கல் எடுக்கப்பட்டதாக அந்தக் காலத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படிப் போன பாறையை மறுபடியும் வளர்க்க முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். உலகம் முழுக்க முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள், தூத்துக்குடியிலேயே இருபது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. இதைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் முக்குளிக்கும் கண்ணாடி மாட்டிய ஒருவர் கடலடியில் பவளத்துண்டைக் கட்டிக்கொண்டிருக்கும் படம் கட்டாயம் இருக்கும். மொத்த வேலையில் சுலபமான பகுதி அதுதான். கஷ்டமான பகுதிகள் இரண்டு. பாறை ஏன் செத்தது என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவது ஒன்று. நட்டதற்குப் பிறகு பத்து வருடம் அங்கே யார் கண் வைத்திருப்பது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கரையில் இருக்கும் ஊர்க்காரர்கள் இல்லாமல் வழி கிடையாது. எப்படி என்று விவரமாகப் பார்ப்போம்.

முதலில் பவளம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கக் கல், சில வகை பார்க்கச் செடி, உண்மையில் அது பிராணி. சில மில்லிமீட்டர் அளவுள்ள குட்டிக் குட்டி உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழும். கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்குக் கீழே கூடு கட்டிக்கொண்டே போகும். தலைமுறை தலைமுறையாக அப்படிச் சேர்ந்த கூடுகளின் குவியல்தான் பாறை. உயிர் இருப்பது மேலே படர்ந்திருக்கும் மெல்லிய தோலில் மட்டும். இலங்கைத் தமிழர்கள் முருகைக்கல் என்பது இதைத்தான்.

இந்தப் பிராணி தன் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தானாகத் தேடிக்கொள்வதில்லை. அதன் உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன, அவை சூரிய ஒளியில் சர்க்கரை தயாரித்து வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறமே பெரும்பாலும் அந்தப் பாசியின் நிறம்தான். கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றுவிட்டால் இந்த உறவு முறிந்துவிடும். பவளம் பாசியை வெளியே துப்பிவிட்டு வெள்ளையாகிவிடும். இதைத்தான் வெளிறுதல் என்கிறார்கள். வெளிறியதுமே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் போச்சு.

மன்னார் வளைகுடாவில் 2010இல் ஒரு பெரிய வெளிறுதல் வந்தது. 2016இல் வந்தது அதைவிட மோசம்: அந்த ஒரே கோடையில் கடலடியில் உயிரோடிருந்த பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. பல பத்தாண்டுகள் கல் எடுத்ததில் தப்பியதில் கணிசமான பங்கு சில மாதங்களில் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செத்த பாறை தானாகவே திரும்பி வளராதா என்று கேட்கலாம். வளரும், அடியில் கெட்டியான தரை இருந்தால். பல வகைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முட்டையும் விந்தும் தண்ணீரில் விடும். தூத்துக்குடிக் கடலில் கிளைப்பவளங்கள் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டி இப்படிச் செய்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கருவுற்ற குஞ்சுகள் சில நாள் மிதந்துவிட்டு ஒரு கெட்டியான இடம் பார்த்து உட்காரும். பாறையைப் பெயர்த்த இடத்திலும், வெடி போட்டு மீன் பிடித்த இடத்திலும் கெட்டியான இடம் எங்கே இருக்கும்? உடைந்த சல்லியும் மணலும்தான் கிடக்கும். குஞ்சு ஒரு சல்லியில் உட்காரும், அடுத்த பெரிய அலையில் அந்தச் சல்லி புரளும், குஞ்சு நசுங்கும். இப்படியே பத்து வருடமும் போகும், முப்பது வருடமும் போகும், ஒன்றும் வளராது. இந்த மாதிரி இடங்களில்தான் மனிதர் தலையிட்டுச் செய்யும் சீரமைப்புக்கு அர்த்தம் இருக்கிறது. வெறும் சூட்டில் வெளிறிச் செத்த, ஆனால் அடித்தளம் கெடாத பாறைக்குப் பல நேரம் எதுவும் நட வேண்டாம், தொந்தரவு செய்யாமல் விட்டாலே போதும். சீரமைப்பு என்றதும் எல்லா இடத்திலும் நட்டே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

சரி, நடுவது எப்படி? முருங்கைக் கிளையை ஒடித்து ஊன்றினால் மரமாவதுபோல, கிளைப்பவளத்தின் ஒரு துண்டை எடுத்துக் கெட்டியாக ஓரிடத்தில் பொருத்தினால் அது தனிப்பவளமாக வளரும். முழுத் தொழில்நுட்பமும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் இருக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இந்த முறையில் நட்டு வருகிறது.

நோய் இல்லாத, முந்தைய கோடையில் தாக்குப்பிடித்த பவளமாகத் தேடுவது முதல் வேலை. ஒரே தாயிடமிருந்து நிறைய எடுத்தால் அதுவும் கெடும் என்பதால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, விரல் நீளத் துண்டுகளாக வெட்டுவார்கள். அலையில் ஏற்கெனவே ஒடிந்து, உயிரோடு கீழே கிடக்கும் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, அது எப்படியும் மணலில் புரண்டு சாகப்போவதுதான். எடுத்த துண்டு காற்றுப்படக் கூடாது, வெயில் படக் கூடாது, கடல்நீரிலேயே இருக்க வேண்டும். படகில் நேரம் ஆக ஆகத் துண்டின் மேல் கோழை மாதிரி வழவழப்பு சேரும், அதற்குச் சிரமமாக இருக்கிறது என்று அர்த்தம். சிமென்ட் பலகையிலோ கான்கிரீட் சட்டத்திலோ கயிறு அல்லது பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். இந்த இடத்தில் கவனம் முழுக்க ஒரு விஷயத்தில்தான்: துண்டு துளிகூட ஆடக் கூடாது. ஆடினால் அடிப்பக்கத் தோல் உரசி உரசிக் காயமாகும், அந்தக் காயத்தில் பாசி ஏறும். ஆடாமல் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பவளத்தின் தோல் கீழ்நோக்கிப் படர்ந்து டையையும் மூடி, சிமென்டையும் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அதை அசைக்க முடியாது.

கிளைப்பவளம் நல்ல நிலைமையில் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டையாக, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் வகைகள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அதனால் எல்லாரும் கிளைப்பவளத்தையே நடுகிறார்கள், சீக்கிரம் படம் காட்டலாம். ஆனால் சூட்டுக்கு முதலில் சாவதும் பெரும்பாலும் கிளைப்பவளம்தான். இன்னொரு சிக்கல், ஒரே தாயிலிருந்து வெட்டிய துண்டுகள் அத்தனையும் அச்சு அசலாக ஒன்றே. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் பிலிப்பைன்ஸிலும் முட்டையிடும் இரவில் கடலில் மிதக்கும் கருமுட்டைகளைச் சேகரித்து, குஞ்சுகளாக்கிப் பாறைமேல் விடும் முறையையும் முயன்று பார்க்கிறார்கள்.

கட்டி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடுவதுதான் இந்தத் துறையின் பெரிய வியாதி. 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு உலகெங்கும் நடந்த 362 சீரமைப்பு முயற்சிகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 60 சதவீதத்தில் நட்டதை ஒன்றரை வருடம்கூடத் தொடர்ந்து கவனிக்கவில்லை. நட்ட பரப்பை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 100 சதுர மீட்டர், அதாவது ஊரில் ஒரு வீட்டு மனை அளவுகூட வராது. மூன்றில் இரண்டு பங்கு துண்டுகள் பிழைத்தன என்பது கேட்க நன்றாக இருக்கும். முதல் வருடத்தில் எண்ணிய கணக்கு பத்தாவது வருடத்தில் என்ன ஆனது என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

நட்ட பின் என்னென்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். இளம் துண்டைச் சுற்றிப் பாசி முளைக்கும், பல்துலக்கும் பிரஷ் மாதிரி ஒன்றை வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். பவளத்தின் தோலைத் தின்னும் சின்ன நத்தைகள் வரும், ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். தூத்துக்குடிக்கு முன்னால் இருக்கும் வான் தீவுப் பக்கம் ஒரு கறுப்புக் கடற்பஞ்சு பவளத்தின் மேல் போர்வை மாதிரி ஏறி மூடியதைக் கண்டிருக்கிறார்கள். அறுந்த வலை வந்து சிக்கும். நங்கூரம் விழும். தேய்த்தெடுக்கும் வேலையைப் பாதிக்கு மேல் செய்துகொடுப்பவை ஓரா, கிளிமீன் மாதிரி பாசி மேயும் மீன்கள். அவை போதுமான அளவு இருந்தால் மனிதர் பிரஷ் எடுக்க வேண்டாம். அவற்றை வழித்துப் பிடித்துவிட்டால் எத்தனை ஆள் வைத்தாலும் காணாது. ஆக, யார் எங்கே என்ன வலை போடுகிறார்கள் என்பதுதான் பவளம் பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதை ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்ய முடியாது. வனத்துறை தடை போடலாம், ஆனால் 19 தீவுகளுக்கும் இரவும் பகலும் காவல் நிற்க எந்தத் துறையிடமும் ஆளும் படகும் கிடையாது. தினமும் அந்தத் தண்ணீரில் இருப்பவர்கள் மீனவர்கள் மட்டும்தான்.

இந்த இடத்தில் பலரும் ஒரு தப்பான படத்தை வரைகிறார்கள்: அறியாத மீனவர், அறிந்த விஞ்ஞானி, நடுவில் ஒரு விழிப்புணர்வு முகாம். நிஜம் வேறு மாதிரி. பவளப்பாறைப் பக்கம்தான் களவாயும் விளைமீனும் இருக்கும் என்பது பாரில், அதாவது கடலடிப் பாறையில், தூண்டில் போடுகிறவர்களுக்கு அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தெரியும். எந்தப் பார் எங்கே இருக்கிறது, எத்தனை பாகம் ஆழம் (ஒரு பாகம் சுமார் ஆறடி), எது முன்பு நிறைய மீன் கொடுத்து இப்போது வறண்டது என்கிற வரைபடம் அவர்கள் தலையில் இருக்கிறது. தெரிந்தும் ஏன் கல் எடுத்தார்கள்? கூலி கிடைத்தது, வாங்க ஆள் இருந்தது, மீன்பிடி கைகொடுக்காத மாதங்களில் வேறு பிழைப்பு இல்லை. தெரிந்தும் ஏன் மீன் பிடிக்கும் கூட்டைப் பாறைமேல் இறக்கி, கூடு நகராமல் இருக்கப் பக்கத்திலிருக்கும் பவளத்தையே உடைத்து மேலே வைக்கிறார்கள்? கையெட்டும் தூரத்தில் வேறு கல் இல்லை. முகாம் போட்டு இதை மாற்ற முடியாது. கூட்டுக்கு வேறு எடை கொடுத்தால் மாறும்.

கல் எடுப்பது எப்படி நின்றது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், எடுப்பது நிற்கவில்லை. 2001இல் பவளத்தை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைத்தார்கள். குறைந்தது, ஆனால் திருட்டுத்தனமாக நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் அது உண்மையில் ஓய்ந்தது. தீவும் பாறையும் தங்கள் கிராமத்துக்கு முன்னால் நின்றதைக் கண்ணால் பார்த்தோம் என்று கரையோர மக்கள் சொன்னார்கள். அறிவியல்படி பார்த்தால் அந்தப் பகுதியைப் பெருமளவு காப்பாற்றியது குறுக்கே கிடந்த இலங்கைதான், பாறையின் பங்கு அதற்கு அடுத்துத்தான் வரும். அது ஒருபுறம் இருக்கட்டும். மாற்றுப் பிழைப்புக்கான கடன், கிராமக் குழுக்கள், கண்காணிப்பு எல்லாம் அதே காலத்தில் வந்து சேர்ந்தன. சட்டம், பிழைப்பு, தன் ஊர் என்கிற எண்ணம் மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்ததால் நின்றது என்பதுதான் என் கணிப்பு. இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நின்றிருக்காது.

இதே கடலில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, செய்திகளில் அதிகம் வராத கூட்டம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கி, விற்பதற்காகக் கடற்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு, ஒரு கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டு மூச்சடக்கிப் போவார்கள். பூங்காவின் எல்லையை ஆழத்தை வைத்து வரைந்திருக்கிறார்கள்: தீவின் கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் வரை, கடல்பக்கம் ஐந்து பாகம் வரை. பாசி வளர்வது சரியாக அந்த ஆழத்துக்குள்தான். கோடு போட்டவுடனே நேற்றுவரை தொழில் செய்தவர்கள் இன்றைக்கு அத்துமீறுபவர்கள் ஆகிவிட்டார்கள். பிடிபடுவது, அபராதம், பையைப் பறிகொடுப்பது என்று நிறைய நடந்தது.

அந்தப் பெண்களே கூடி ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுப்பதில்லை, பாறையைச் சுரண்டும் இரும்பைப் பயன்படுத்தாமல் கையால் மட்டும் பறிப்பது. பாசி பறிக்கும்போது அடியிலிருக்கும் பாறை சேதமாகாமலிருக்க இதைவிட நல்ல விதியை எந்த அலுவலகத்திலும் எழுதியிருக்க முடியாது. இந்த முயற்சியில் முன்னால் நின்ற சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவின் ஸீகாலஜி விருது கிடைத்தது. மக்கள் பங்கேற்பு என்று நாம் சொல்வதன் சரியான உதாரணம் எனக்கு இதுதான். இவர்கள் ஒரு பவளத்துண்டும் நடவில்லை. பவளம் சாவதற்கான ஒரு காரணத்தைத் தாங்களாகக் குறைத்தார்கள்.

எல்லாப் பங்கேற்பும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நினைக்க வேண்டாம். மீனவக் குடும்பங்களுக்கு மாற்று வருமானம் என்று 2000களின் தொடக்கத்தில் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் தொழில் பாக் நீரிணைப் பக்கம் பரவியது. காசு வந்தது, உண்மை. 2008இல் அதே பாசி குருசடைத் தீவின் கிளைப்பவளத்தின் மேல் படர்ந்து மூச்சை அடைத்துக்கொண்டிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். துண்டு துண்டாக உடைந்தாலும் ஒவ்வொரு துண்டும் வளரும் பாசி அது. கையால் பிடுங்கிப் பிடுங்கி எடுக்கிறார்கள், மீண்டும் வருகிறது. இதற்குப் பாசி வளர்த்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வளருங்கள் என்று கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். மாற்றுத் தொழில் என்ற பெயரில் எதைக் கொண்டுவந்தாலும் அது அந்தக் கடலில் என்ன செய்யும் என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

வெளியே இரண்டு இடங்களைப் பார்த்துவிடலாம். இந்தோனேசியாவில் பாலித் தீவின் வடமேற்கில் பெமுத்தெரான் என்று ஒரு கிராமம். 1990களில் வெடியும் சயனைடும் போட்டு மீன் பிடித்ததில் அங்கே பாறை நொறுங்கிப்போனது, 1998இன் கடல் சூடு மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது. 2000இல் இரும்புச் சட்டங்களைக் கடலில் இறக்கி, அவற்றில் மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்தினார்கள். சட்டத்தின் மேல் சுண்ணாம்பு படியும், அதில் பவளத்துண்டைக் கட்டுவார்கள். மின்சாரம் பவளத்தை வேகமாக வளர்க்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை, நான் அதற்குள் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாலியில் கோயில் காரியங்களுக்கும் ஊர்க் காவலுக்கும் பெச்சாலாங் என்ற ஊர்க்காவல் முறை ஏற்கெனவே உண்டு. அதையே கடலுக்கும் நீட்டிக் கடல் பெச்சாலாங் ஆக்கினார்கள். வெடி போட வரும் படகைத் தடுப்பது ஊர்க்காரர்களே. பாறை தேறியதும் முக்குளிக்கப் பயணிகள் வந்தார்கள், விடுதிகள் வந்தன, ஊர்க்காரர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. 2012இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருதும் வந்தது.

இன்னொன்று சுலாவெசித் தீவை ஒட்டிய ஸ்பெர்மான்டே தீவுக்கூட்டத்தில் போன்டோசுவா. இங்கேயும் வெடி மீன்பிடிதான் பாறையைச் சல்லியாக்கியது. மார்ஸ் நிறுவனம், ஆம், சாக்லேட் கம்பெனிதான், உள்ளூர்த் தீவுக்காரர்களோடு சேர்ந்து ஆறுபக்க இரும்புச் சட்டங்களைச் செய்தது. மணல் பூசிய சட்டம், ஒவ்வொன்றிலும் 15 துண்டுகள், ஒன்றோடொன்று கோத்துச் சல்லி முழுக்க வலை மாதிரி விரித்துவிட்டார்கள். சல்லி புரள்வது நின்றது. நான்கு வருடத்தில் அந்தப் பாறை சுண்ணாம்பு சேர்க்கும் வேகம் பக்கத்திலிருந்த சேதமில்லாத பாறைக்குச் சமமாகிவிட்டது என்று 2024இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே ஆய்வு, வளர்ந்ததில் பெரும்பாலும் கிளைப்பவளமே, பழைய பாறையின் எல்லா வகைகளும் திரும்பவில்லை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தோற்ற கதைகளும் தெரிந்திருக்க வேண்டும். 1970களில் அமெரிக்காவின் புளோரிடாவில், செயற்கைப் பாறை செய்கிறோம் என்று சுமார் இருபது லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் போட்டார்கள். படகுக்காரர்கள் ஆர்வமாக ஓடிவந்து உதவினார்கள், மக்கள் பங்கேற்புக்குக் குறைவே இல்லை. கட்டு அறுந்தது, டயர்கள் புயலுக்குப் புயல் உருண்டு, பக்கத்தில் உயிரோடிருந்த பவளத்தையும் இடித்துக் கொன்றன. இன்னும் பொறுக்கி முடியவில்லை. ஆட்கள் கூடிவிட்டால் மட்டும் போதாது, அறிவியலும் சரியாக இருக்க வேண்டும்.

செயற்கைப் பாறை என்று சொன்னதும் ஒரு குழப்பம் வரும், அதையும் தீர்த்துவிடலாம். நம் கரையில் பல கிராமங்களுக்கு முன்னால் கான்கிரீட் கட்டுமானங்களைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் அவை மீன் கூடுவதற்காக, மீனவர்கள் பக்கத்திலேயே தூண்டில் போட்டுப் பிடிப்பதற்காக. பவளம் வளர்ப்பது அவற்றின் நோக்கம் இல்லை. வான் தீவில் நடந்தது வேறு வகை. அலை அரித்து அரித்து 20 ஹெக்டேர் அளவில் இருந்த தீவு இரண்டு சொச்சம் ஹெக்டேராகத் தேய்ந்து, 2013இல் இரண்டாகவே பிளந்துவிட்டது. 2015 முதல் தமிழ்நாடு அரசு, சென்னை ஐஐடி வடிவமைப்பில், தீவுக்கு முன்னால் துளைகள் உள்ள கான்கிரீட் கட்டுமானங்களை ஆயிரக்கணக்கில் இறக்கியது. அலையின் வேகம் குறைந்தது, தீவு தேய்வது நின்று கொஞ்சம் மண்ணும் சேர்ந்தது. அந்தக் கான்கிரீட்டின் மேல் பவளக் குஞ்சுகள் தாமாக வந்து உட்கார்ந்தன. இழந்த பாறை செய்துகொண்டிருந்த வேலையை இப்போதைக்குக் கான்கிரீட் செய்கிறது, பின்னால் பாறையே வந்து பொறுப்பேற்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. அடுத்து காரைச்சல்லித் தீவிலும் இதே வேலை.

இத்தனைக்கும் மேலே கடலின் சூடு இருக்கிறது. 2023 ஜூலையில் புளோரிடாவில் ஆழமில்லாத ஒரு விரிகுடாவில் தண்ணீர் 38 டிகிரியைத் தாண்டியது, வெந்நீரில் குளிப்பது போன்ற சூடு. பல வருடம் கடலடி நாற்றங்காலில் வளர்த்த பவளங்களை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு கரையிலிருந்த தொட்டிகளுக்கு ஓடினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில், உலகம் தழுவிய நான்காவது வெளிறுதல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். இந்தச் சூட்டை எந்தக் கிராமக் குழுவும் குறைக்க முடியாது. அதைக் குறைக்க வேண்டியவர்கள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். கிராமத்தால் முடிவது, சூடு வரும்போது பாறை ஏற்கெனவே அரைகுறை உயிரோடு இல்லாமல் பார்த்துக்கொள்வது: சாக்கடை விழாமல், வலை சிக்காமல், பாசி மேயும் மீன் குறையாமல். அப்படி இருக்கும் பாறை வெளிறினாலும் தேறிவர வாய்ப்பு அதிகம். அப்புறம், சூட்டைத் தாங்கிய பவளம் எது என்று முதலில் கவனிப்பவரும் அங்கே தினம் போகிறவர்தான், அடுத்த நடவுக்குத் தாய் அதுவே.

ஆர்வத்தில் நீங்களே போய் நட்டுவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பவளத்தை, செத்ததாக இருந்தாலும், உடைப்பதும் எடுப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றம். பூங்காவுக்குள் நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும். கடற்கரைக் கடைகளில் அலங்காரத்துக்கு வெள்ளைப் பவளம் யாராவது நீட்டினால் வாங்காமல் வருவதே நல்ல உதவி.

எங்கேயாவது ஒரு பவளச் சீரமைப்புத் திட்டம் உங்களிடம் நன்கொடையோ நேரமோ கேட்டால், எத்தனை துண்டு நட்டீர்கள் என்று கேட்காதீர்கள், அந்த எண்ணை அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் பாறை எதனால் செத்தது, அது நின்றுவிட்டதா என்று கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் நட்ட இடத்தின் இன்றைய படத்தைக் கேளுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் உள்ளூர் மீனவர்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்களா, இல்லை பலகை தூக்க மட்டும் கூப்பிட்டார்களா என்று கேளுங்கள். கடைசியாக, ஒரு நாட்டுப்படகுக்காரரின் வலை நட்ட பவளத்தில் சிக்கிவிட்டால் அவர் யாருக்குப் போன் செய்வார், வலையை அறுத்து எடுத்தால் அந்த வலைக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். இதற்கு விடை எழுதி வைத்திருக்கும் திட்டத்துக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.